பக்குவம் என்று அவர்கள் சொன்னது

போன மாதம் முழங்கால் வலி தாங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வரிசையில் நின்று, என் முறை வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து வாயைத் திறப்பதற்குள் அங்கிருந்த இளம் நர்ஸ், "வயசானா அப்படித்தான் பாட்டி" என்று சொல்லிவிட்டாள். எங்கே வலிக்கிறது என்று நான் இன்னும் சொல்லவே இல்லை. மாத்திரையைக் கையில் திணித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். எனக்கு வந்த கோபத்தில் வலியை மறந்து விடுவிடுவென்று வெளியே வந்துவிட்டேன். மாத்திரையைவிடக் கோபம் நன்றாக வேலை செய்தது.

புதிதாக நர்ஸ் வேலைக்குச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். நல்ல வார்த்தை சொல்ல ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். "வயசானா அப்படித்தான்." டாக்டர் சொல்வார், புருஷன் சொல்வான், மகன் சொல்வான், கடைசியில் வலியில் இருக்கிற பெண்ணே தன்னைப் பற்றி அப்படிச் சொல்லிக்கொள்ள ஆரம்பித்துவிடுவாள். இதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வீட்டில் ஒருத்தியைக் கொன்றார்கள், இன்னொருத்தியைக் கொல்லப் பார்த்தார்கள். அந்த வீடு எனக்குத் தெரியும். செஞ்சிக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் நடுவில் நான் செஞ்சி சுகாதார நிலையத்துக்கு மாற்றலாகி வந்தேன். சுற்று வட்டாரக் கிராமங்களுக்கு பஸ்ஸிலும், பஸ் போகாத இடத்துக்கு நடந்தும் போய் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பார்ப்பது என் வேலை. எல்லோருக்கும் நான் நர்ஸம்மா. குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரம் மும்முரமாக நடந்த காலம் அது. மேலிடத்திலிருந்து வந்த கேள்வியெல்லாம் பிள்ளை பெறுகிற வயதுப் பெண்களைப் பற்றித்தான். யார் உண்டாகியிருக்கிறாள், யார் கருத்தடைக்கு லூப் வைத்துக்கொண்டாள். பெற்று முடித்தவளின் கர்ப்பப்பை அதற்கப்புறம் என்ன ஆகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை.

வல்லம் பக்கம் மல்லாட்டைக் கொல்லைகளில், அதாவது நிலக்கடலைக் காடுகளில், களை எடுக்கிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். கர்ப்பப்பை கீழே இறங்கி, பழந்துணியைச் சுருட்டி இறுக்கிக் கட்டிக்கொண்டு, நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து வேலை செய்வார்கள். விசாரித்தால், "ஒண்ணுமில்ல நர்ஸம்மா, வயசாயிடுச்சு இல்ல" என்பார்கள். அப்படிச் சொன்ன ஒருத்திக்கு நாற்பதுகூட ஆகியிருக்காது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெண் பெரியவளானால் பந்தல் போட்டு, ஊரைக் கூட்டி, புட்டு சுற்றி, மாமன் சீர் வாங்கிக் கொண்டாடுகிறார்கள். அதே பெண்ணுக்கு ஐம்பதில் அது நிற்கும்போது உடம்பு எரிகிறதா, தூக்கம் வருகிறதா, ஏன் சும்மா சும்மா கண் கலங்குகிறாள் என்று கேட்க ஒரு நாதி கிடையாது. கொஞ்சம் சத்தமாகப் பேசினால் பேய் பிடித்துவிட்டது என்று பூசாரியைக் கூப்பிடுவார்கள். பேசாமல் இருந்தால் பக்குவம் வந்துவிட்டது என்று மெச்சிக்கொள்வார்கள்.

இந்தப் பக்குவம் என்ற வார்த்தையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எனக்கு மேலே ஒரு அம்மா இருந்தார். கண்டிப்பானவர். சிரித்து நான் பார்த்ததில்லை. நான் செஞ்சிக்கு வந்த புதிதில் என்னைக் கூப்பிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: "ஒரு வீட்டுக்குள்ள போனா தொட்டிலை அப்புறம் பாரு. அந்த வீட்டுல யார் நின்னுகிட்டே சாப்பிடறான்னு முதல்ல பாரு. அவளைக் கேளு." என்ன கேட்பது என்றேன். "கேக்க ஆரம்பிச்சா தானா வரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த அம்மா சொன்னதில் எனக்குப் பயன்படாமல் போனது எதுவும் இல்லை.

நான் சொல்ல வந்த வீடு பித்தளைப் பாத்திரக் கடைக்காரருடையது. கடைத்தெருவில் நல்ல பெயர் உள்ள குடும்பம். கடையைப் பார்த்துக்கொள்கிற கடைக்காரர், அவருடைய வயதான அப்பா, மகன், மருமகள் சரசு, சரசுவின் கைக்குழந்தை. சரசுவின் பிரசவத்திலிருந்து நான் அந்த வீட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். அந்த வீட்டில் நின்றுகொண்டே சாப்பிட்டவர் கடைக்காரரின் மனைவி தனபாக்கியம். ஐம்பதைத் தாண்டியிருந்தார். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அடுப்பங்கரையில் நின்று, சட்டியிலேயே சோற்றைப் பிசைந்து, இரண்டு வாய் போட்டுக்கொள்வார்.

நான் முதலில் பார்த்த தனபாக்கியம் வேறு ஆள். படபடவென்று பேசுவார். சரசுவை அதட்டுவார், மகனை அதட்டுவார், குழந்தைக்கு ஊசி போட்டதற்கு என்னையும் அதட்டினார். "இவ்ளோண்டு புள்ளைக்கு இவ்ளோ பெரிய ஊசியா, உனக்கு இன்னா கல் நெஞ்சா?" என்று கேட்ட ஆள். மாசி, பங்குனி தாண்டி சித்திரையில் போனபோது அவர் குரலே எழும்பவில்லை. சரசு பாலைப் பொங்கவிட்டாள். ஒன்றும் சொல்லாமல் துணியை எடுத்துத் துடைத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பகலிலும் வீட்டில் சாம்பிராணி புகைந்துகொண்டே இருந்தது.

கூடத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், அதாவது தனபாக்கியத்தின் மாமனார், என்னிடம் பெருமையாகச் சொன்னார்: "பாத்தியா நர்ஸம்மா, எம் மருமவ எவ்ளோ அடங்கிட்டா. வயசானா பக்குவம் வந்துடுது. எங்க வீட்டம்மாவும் கடைசி காலத்துல இப்படித்தான், வாயத் தொறக்க மாட்டா."

தனபாக்கியத்தின் கீழ் இமையை விலக்கிப் பார்த்தேன். வெள்ளை வெளேர் என்று இருந்தது. என்ன செய்கிறது என்று கேட்டேன். "வயசானா அப்படித்தான நர்ஸம்மா" என்று கையைத் தட்டிவிட்டார். கடைக்காரர் உள்ளே வந்து, "டாக்டர்கிட்ட சொல்லி டானிக் வாங்கியாந்திருக்கேன், குடிச்சிக்கினுதான் இருக்கா" என்றார்.

"டாக்டர் பார்த்தாரா?"

"நான்தான் போயி சொன்னேனே. அசதி, இடுப்பு வலின்னு எல்லாம் விவரமா சொன்னேன்."

இது எப்படிப்பட்ட வழக்கம் என்று உங்களுக்குப் புரிய வேண்டும். கௌரவமான வீட்டுப் பெண் டாக்டர் வாசலில் போய் உட்கார மாட்டாள். அவள் உடம்பைப் பற்றி அவள் புருஷன் போய்ச் சொல்வான். டாக்டர் புருஷனைப் பார்த்து மருந்து எழுதுவார். அந்த மருந்தை அவள் குடிப்பாள். புருஷனுக்குத் தெரியாத வியாதி டாக்டருக்குத் தெரியாது. ஊர் முழுக்க இப்படித்தான் வைத்தியம் நடந்தது, ஒருவருக்கும் அது கோணலாகப் படவில்லை.

ஆனி கடைசியில் ஒரு முற்பகலில் சரசு குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்கு வந்தாள். குழந்தைக்கு வயிறு சரியில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். குழந்தை கொழுகொழுவென்று சிரித்துக்கொண்டிருந்தது. நான் கதவைச் சாத்தினேன். அவள் உட்காரவில்லை.

"நர்ஸம்மா, புள்ள தலைமேல கைய வச்சி சத்தியம் பண்ணிட்டு அதைச் சொன்னா இன்னா ஆவும்?"

"ஒண்ணும் ஆகாது. சொல்லு."

"எங்க அத்தைக்கு ரத்தம் படுது. மாசியிலேர்ந்து. தூரம் நின்னு வருஷத்துக்கு மேல ஆவுது, இப்ப நிக்காம படுது. வண்ணாத்திகிட்ட துணி போட்டா ஊருக்குத் தெரிஞ்சிடும்னு விடியக்காலம் எழுந்து அவங்களே தொவைக்கிறாங்க. வெறகு அடுக்கியிருக்கிற எடத்துல காயப் போடறாங்க, வாடை தெரியாம சாம்பிராணி போடறாங்க. நான் பாத்துட்டேன். அன்னிக்கே எம்புள்ளையத் தூக்கி எங்கையை அது தலைமேல வச்சி சத்தியம் வாங்கிட்டாங்க." அழுவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது. "அவங்க சாவறதை நான் பாத்துக்கினு இருக்கணுமா? அதுக்கு எம்புள்ள தலைதான் கெடைச்சுதா?"

அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. நீ செய்ததுதான் சரி, பிள்ளைக்கு ஒன்றும் வராது என்று சொல்லி அனுப்பினேன்.

நின்ற பிறகு பட்டால் அது சாதாரணம் இல்லை. இதை எங்கே வேண்டுமானாலும் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். ஒரு சொட்டு பட்டாலும் பார்க்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும். அது புற்றாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உள்ளே பார்க்காமல் தெரியாது.

நேராக டாக்டரிடம் போனேன். கடைத்தெருவில் கிளினிக் வைத்திருந்தவர், மரியாதையான மனிதர்தான். பெயர் சொல்லாமல், ஐம்பது தாண்டிய பெண்ணுக்கு நின்ற பிறகு படுகிறது என்றேன். "அந்த வயசுல முன்னபின்ன இருக்கும் சிஸ்டர். வயசானா அப்படித்தான்" என்றார். நீங்கள் டானிக் கொடுத்து வருகிற பெண்களில் எத்தனை பேரை நேரில் பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "அவங்க வர மாட்டாங்களே, நான் இன்னா பண்றது?" என்றார். அவர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் ஆறவில்லை. வராதவளுக்கு மருந்து கொடுக்க அவருக்குத் தெரிந்தது. வரச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

அன்று பிற்பகல் தனபாக்கியத்தைப் பின்கட்டில் தனியாகப் பிடித்தேன். ஆண்கள் கடையில் இருந்தார்கள், பெரியவர் கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. கொஞ்ச நாளாகக் காணாமல் போயிருந்த பழைய தனபாக்கியம் ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்தார்.

"அந்தச் சிறுக்கி சொன்னாளா?"

"யார் சொன்னா என்ன? இருக்கா இல்லையா?"

"ஆடி முடியட்டும். ஆடி முடிஞ்சதும் எங்க கூப்பிட்டாலும் வரேன்."

ஆடியில் என்ன என்று கேட்டேன். அப்போதுதான் பானையைப் பற்றிச் சொன்னார். அவர்கள் குலதெய்வம் மலையடிவாரத்தில் இருக்கிற அம்மன். ஆடியில் பங்காளிகள் எல்லோரும் கூடிப் படையல் போடுவார்கள். அதில் முதல் பானையை அடுப்பில் ஏற்றுகிற பெண்ணுக்குத் தூரம் நின்று வருஷம் ஒன்று கழிந்திருக்க வேண்டும், அவள் சுமங்கலியாகவும் இருக்க வேண்டும். அவர் மாமியார் சாகும்வரை அந்தப் பானையை ஏற்றினார். மாமியார் போன பிறகு பங்காளி வீட்டு அம்மா ஒருத்தர் ஒரு வருஷம் ஏற்றினார். இந்த ஆடிதான் தனபாக்கியத்தின் முறை, முதல் முறை.

"ஒரு பானைக்காகவா?" என்று நான் கத்திவிட்டேன்.

"பானைக்கு இல்ல நர்ஸம்மா." அவர் குரல் தணிந்தது. "கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து அந்தக் கோயில் வாசல்ல நின்னுக்கினு இருக்கேன். ஒவ்வொரு வருஷமும் அத்தனை பேர் எதிர்ல, 'உனக்கு நாள் இன்னா, எப்ப குளிச்ச'ன்னு கேப்பாங்க. மாமனார் கேப்பாரு, கொழுந்தனாருங்க கேப்பாங்க. பதில் சொன்னாத்தான் உள்ள விடுவாங்க. பானை ஏத்தறவளை மட்டும் யாரும் கேக்க மாட்டாங்க. ஒரு வருஷம், யாரும் என்னை ஒண்ணும் கேக்காம நான் உள்ள போவணும். அவ்ளோதான்."

நாம் இந்த வயதுப் பெண்களுக்குப் போய்ச் சொல்கிறோமே, மனசை லேசாக வைத்துக்கொள்ளுங்கள், இனிமேல் உங்களுக்கு விடுதலை என்று. அந்த விடுதலைக்கு அவர் முப்பது வருஷமாகக் காத்திருந்தார். கையில் வரப்போகிற நேரத்தில் உடம்பு இப்படிச் செய்துவிட்டது.

அப்புறம் அவர் சொன்னதுதான் என்னை உலுக்கியது. மாமியாருக்கும் இப்படித்தான் பட்டிருக்கிறது. துணி துவைத்தது தனபாக்கியம். வெளியே சொல்லக் கூடாது என்று மாமியார் சத்தியம் வாங்கியிருக்கிறார். படுகிற துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டே கடைசி ஆடியிலும் பானையை ஏற்றியிருக்கிறார். தையில் செத்துப்போனார். புருஷன் இருக்கும்போதே போனதால், பூவும் பொட்டுமாகப் போனாள், கொடுத்துவைத்தவள் என்று கடைத்தெருவே மெச்சியது. சுமங்கலியின் காலில் விழுந்து கும்பிட்டு, மஞ்சள் வாங்கிக்கொண்டு போனார்களாம். ரத்தம் போய்ச் செத்தவளைத்தான் அத்தனை வாயும் கொடுத்துவைத்தவள் என்று சொல்லியிருக்கிறது. பெரியவர் மெச்சிக்கொண்டாரே, கடைசி காலத்தில் வாயே திறக்க மாட்டாள் என்று. அதன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. பக்குவமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பேசுவதற்கு அந்த உடம்பில் ரத்தம் இல்லை.

இப்போது நீங்கள் என் இடத்தில் இருந்து யோசியுங்கள். கடைக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம். சொன்னால் என்ன ஆகும்? தீட்டோடு சமைத்தாள் என்று அந்த வீடு ரெண்டாகும். சரசு காட்டிக்கொடுத்தவள் ஆவாள். தனபாக்கியம் அவமானத்தில் வாயை இன்னும் இறுக்கிக்கொள்வார், கிணற்றில் விழுந்தாலும் ஆச்சரியமில்லை. சொல்லாமல் ஆடி வரை விட்டாலோ, அப்புறம் இன்னொரு காரணம் வரும், புரட்டாசி வரும், தை வரும். நான் என் மேலதிகாரி அம்மாவிடம் போய் நின்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "புருஷன்கிட்ட சொல்லாதே. அது அவ உடம்பு, அவ வாயாலதான் வரணும். ஆனா அவளைத் தனியா விடாதே" என்றார். பிறகு, பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் தனக்குத் தெரிந்த லேடி டாக்டரிடம் பேசி வைப்பதாகவும் சொன்னார்.

ஒத்துக்கொள்ள எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் பஸ்ஸில் ஏற்றிவிடத்தான் எனக்கு ஆசை. ஆனால் அந்தப் பெண்ணை வாழ்நாள் முழுக்க எல்லோரும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். நானும் இன்னொரு ஆளாக வேண்டாம்.

அதற்குப் பிறகு எந்தக் கிராமத்துக்குப் போனாலும் திரும்பி வரும்போது அந்த வீட்டுப் பின்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். கெஞ்சவில்லை, மிரட்டவில்லை. உள்ளே என்ன இருக்கலாம், ஆபரேஷன் என்றால் என்ன, யார் செய்வார்கள், ஆண் டாக்டர் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் அரிசி புடைத்துக்கொண்டே கேட்பார். ஒரு நாள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சரசு எங்களைத் தாண்டிப் போனாள். நான் கேட்டேன்: "உங்க அத்தை உங்களுக்கு என்ன கொடுத்துட்டுப் போனாங்கன்னு தெரியுது. நீங்க சரசுவுக்கு என்ன கொடுத்துட்டுப் போகப் போறீங்க?"

அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அதிகமாகப் பேசிவிட்டேனோ என்று பயந்தேன். அதற்கப்புறம் படையல் நாள் வரை அவர் என் கண்ணில் படவே இல்லை. போகும்போதெல்லாம் உள்ளே படுத்திருக்கிறார் என்றார்கள்.

படையல் அன்று காலையில் நானும் மலையடிவாரத்துக்குப் போனேன். கையில் பை, பையில் துணியும் பஞ்சும். மயங்கி விழுந்தால் தூக்கவாவது ஆள் வேண்டுமே என்றுதான் போனேன். வண்டி கட்டிக்கொண்டு பங்காளிகள் எல்லோரும் வந்திருந்தார்கள். மூன்று கல் வைத்து அடுப்பு கூட்டியிருந்தது. மஞ்சள் கட்டிய புதுப் பானை தயாராக இருந்தது. தனபாக்கியம் தலைக்குக் குளித்து, அரக்குப் புடவை கட்டி, அடுப்பின் முன்னால் நின்றார். அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பெரியவர் கையைக் கூப்பியபடி, "ஏத்தும்மா" என்றார்.

அவர் பானையைத் தூக்கினார். தூக்கியபடியே நின்றார். பிறகு பானையைத் தரையில் வைத்தார்.

"எனக்கு ரத்தம் படுது மாமா. மாசியிலேர்ந்து."

யாரோ ஒரு அம்மா "அடி ஆத்தே" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியவர் இரண்டடி பின்னால் போனார். "அம்மன் எதிர்லயா இதைச் சொல்ற? தீட்டோடயா வந்து நின்ன?"

"தீட்டு இல்ல, வியாதி." அவர் குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "அத்தைக்கும் இதே வியாதிதான். அவங்க துணிய நான்தான் தொவைச்சேன். இதே எடத்துல, ரத்தம் பட்டுக்கினு இருக்கும்போதுதான் பானை ஏத்தினாங்க. பொங்குச்சு, எல்லாரும் சாப்பிட்டீங்க. அம்மன் ஒண்ணும் பண்ணல. வியாதிதான் அவங்களைக் கொன்னுது. குடுத்துவச்சவன்னு சொன்னீங்க. எனக்கு அந்தக் குடுப்பினை வாணாம்."

ஒரே கூச்சல். ஒருத்தர் பரிகாரம் என்றார், ஒருத்தர் பூசாரியைக் கூப்பிடச் சொன்னார். கடைக்காரர் நடுவில் மரம்போல நின்றார். சரசு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மாமியாரின் கையைப் பிடித்தாள். தீட்டு ஒட்டிக்கொள்ளும் என்று யாரோ கத்தினார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் இன்னொரு பக்கம் பிடித்துக்கொண்டேன். வண்டியைக் கொடுக்க யாரும் முன்வரவில்லை, நடந்தே பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். வழியில் அவர் இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்தார்.

பாண்டிச்சேரி போவதற்காக நாங்கள் ஏறிய திண்டிவனம் பஸ் புறப்படுகிற நேரத்தில் கடைக்காரர் ஓடி வந்தார். ஒரு பையில் புடவை, சொம்பு, அதோடு அந்த டானிக் பாட்டில். "நான் டாக்டர்கிட்ட போயிப் போயிச் சொன்னேனே நர்ஸம்மா" என்றார். கண்ணில் தண்ணீர். எனக்குப் பாவமாகவும் இருந்தது, அறைய வேண்டும் போலவும் இருந்தது.

"நீங்க போனீங்க. அவங்க போகல" என்றேன். "ஏறுங்க."

ஏறினார். அதை மட்டும் அவருக்காகச் சொல்கிறேன்.

பாண்டிச்சேரியில் கர்ப்பப்பைக்குள் கட்டி என்றார்கள். கெட்ட கட்டிதான், ஆனால் பரவவில்லை. ரத்தம் ஏற்றி, உடம்பைத் தேற்றி, கர்ப்பப்பையை எடுத்தார்கள். இன்னும் ஒரு வருஷம் போயிருந்தால் கையை விரித்திருப்போம் என்று அந்த லேடி டாக்டர் சொன்னார். மாமியாருக்கு அந்த ஒரு வருஷம் இருந்தது. ஒருவரும் கேட்காததால் அது போய்விட்டது.

தனபாக்கியம் திரும்பி வந்து இரண்டு மாதம் படுத்திருந்தார், பிறகு எழுந்தார். எழுந்தவர் பழையபடி பேச ஆரம்பித்தார். பழையதைவிட அதிகமாகவே பேசினார். புருஷனிடம் கடைக் கணக்கு கேட்டார். மகன் தட்டை அவனையே எடுத்து வைக்கச் சொன்னார். டாக்டர் கிளினிக்குக்கு நேரில் போய் நின்று, "நான்தான் அந்த டானிக் குடிச்ச ஆளு, நல்லா பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வந்தாராம். இதை எனக்குச் சொன்னது டாக்டரேதான். அதற்குப் பிறகு அவர் பெண்களை நேரில் வரச் சொல்ல ஆரம்பித்தார்.

அடுத்த ஆடி வந்தது. படையலுக்கு ஒரு வாரம் முன்னால் பெரியவர் வீட்டில் எல்லோரையும் கூட்டி ஒரு தீர்ப்பு சொன்னார். நான் குழந்தைக்கு எடை பார்க்கப் போயிருந்தேன், என் காதால் கேட்டேன். "இனிமே அவளுக்குத் தூரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பையையே எடுத்தாச்சு. அவளைவிடச் சுத்தமானவ நம்ம வம்சத்துலயே கெடையாது. அவளே பானை ஏத்தட்டும்." தாம் பெரிய மனசு பண்ணியதாக அவருக்கு நினைப்பு.

தனபாக்கியம் அடுப்பங்கரையிலிருந்து வந்தார். "என்னை அறுத்து எடுத்தப்புறம்தான் நான் சுத்தமா மாமா?" என்று கேட்டார். "பானைய சரசு ஏத்துவா."

"அவளுக்கு இன்னும் வயசு இருக்குதே. அன்னிக்கு அவளுக்கு நாள் இன்னான்னு…"

"கேக்காதீங்க மாமா."

அவ்வளவுதான் சொன்னார், சத்தம்கூடப் போடவில்லை. சரசு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும். அந்த ஆடியில் முதல் பானையை ஏற்றியவள் சரசுதான். அன்றைக்கு அவளுக்கு எந்த நாள் என்று எனக்கும் தெரியாது. நானும் கேட்கவில்லை.

படையல் முடிந்து இலை போட்டார்கள். தனபாக்கியம் முதல் பந்தியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்று என்று மகனை அதட்டிக்கொண்டிருந்தார். பெரியவர் கையைக் கழுவிவிட்டு என்னிடம் வந்து நின்றார். மனசு தாங்கவில்லை அவருக்கு.

"எவ்ளோ பக்குவமா இருந்தா நர்ஸம்மா. ஒரு வார்த்தை எதுத்துப் பேச மாட்டா. நீ கூட்டிக்கினு போனதுலேர்ந்து இப்படி ஆயிட்டா. அவளுக்கு இன்னாதான் ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல பெரியவரே" என்றேன். "இப்ப அவங்க உடம்புல ரத்தம் இருக்குது."